யூசுப் நபியின் களஞ்சியமும் நம் கடைப் பின்னறையும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



2022ஆம் ஆண்டை இலங்கையில் வாழும் எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை என்று வீட்டுக்கு ஒருவர் வீதியில் நின்ற ஆண்டு அது. அவ்வாண்டின் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், நானும் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு மண்ணெண்ணெய் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நம்மவர் ஒருவர் நின்றார். ஐவேளைத் தொழுகையில் குறை வைக்காதவர். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

“ஹஸரத், நம் ஜனாஸாக்களை நெருப்பில் போட்டார்கள். இன்று அடுப்பு மூட்ட வழியில்லாமல் நிற்கிறார்கள். அல்லாஹ்வின் கணக்கைப் பார்த்தீர்களா?”

நான் மறுத்துப் பேசவில்லை. ஆமென்று தலையாட்டினேன். உள்ளத்தின் ஒரு மூலையில் சற்றுத் திருப்தியாகவும் இருந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

எனக்குப் பின்னால் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு சிங்களத் தாய், வெறும் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எங்கள் பேச்சு அவருக்கு விளங்கவில்லை. சற்று நேரத்தில் தம் பையிலிருந்து ஒரு துண்டுப் பாணை எடுத்தார். இரண்டாகப் பிய்த்தார். “புதே” என்று மகனை அழைப்பது போல் என்னை அழைத்து, ஒரு பாதியை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். ஆனால் அது தொண்டையில் இறங்கவில்லை. இந்தத் தாய் யாருடைய ஜனாஸாவை எரித்தார்? எந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார்? எந்த அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தார்? அன்று என்னை நானே கேட்டுக்கொண்ட அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

காயம் உண்மையானது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நமக்கு நேர்ந்தது சிறிய காரியமல்ல. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், கொரோனா நோயால் இறந்தவர் எவராயினும் உடலை எரித்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அடக்கம் செய்வதில் தடையில்லை என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். 2020 டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு பச்சிளங் குழந்தையின் உடலும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. குளிப்பாட்டவும் கபனிடவும் தொழுவிக்கவும் கபரில் வைக்கவும் நமக்குள்ள கடமை, பத்து மாதங்களுக்கு மேல் நம் கைகளிலிருந்து பறிக்கப்பட்டிருந்தது. 2021 பெப்ரவரிக் கடைசியில்தான் அந்த விதி திருத்தப்பட்டது. மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக முறைப்படி மன்னிப்பும் கேட்டது.

அந்தப் பத்து மாதங்களில் எத்தனை தாய்மார் தஹஜ்ஜுத் நேரத்தில் கையேந்தி அழுதார்கள் என்பதை அல்லாஹ் அறிவான். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையில் ஐயம் கொள்பவன் முஸ்லிமல்லன். ஆனால் துஆ செய்வது நம் வேலை; தீர்ப்புச் சொல்வது அவன் வேலை. வானத்திலிருந்து இறங்கிய தீர்ப்பை வாசித்துக் காட்டும் உத்தியோகத்தை நமக்கு யார் கொடுத்தார்கள்?

ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்பது திருக்குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் நியதி. மேலும், பயத்தாலும் பசியாலும் பொருள் நஷ்டத்தாலும் உங்களைச் சோதிப்போம் என்று சூரத்துல் பகராவில் அல்லாஹ் கூறுவது யாரைப் பார்த்து? விசுவாசிகளைப் பார்த்தல்லவா? அப்படியிருக்க, ஒரே வரிசையில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு அது சோதனை, மற்றவருக்கு அது தண்டனை என்று நாம் பிரித்துக் கூறுவது எந்த இல்மைக் கொண்டு?

வரிசையில் நின்றவர் யார்?

பஞ்சம் எப்படி வந்தது என்பதையும் கண் திறந்து பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்காக வெளிநாடுகளில் வாங்கிய கடன் மலையாகக் குவிந்திருந்தது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளும், அடுத்த ஆண்டில் வந்த கொரோனாவும் உல்லாசப் பயண வருமானத்தை அடித்துச் சென்றன. இதற்கிடையே, 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்து, அரசாங்கம் தன் வருமானத்தைத் தானே வெட்டிக்கொண்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தார்கள். சில மாதங்களில் தடையைத் தளர்த்த நேர்ந்தது. அதற்குள் விவசாயியின் வயல் விளைச்சலை இழந்துவிட்டது. டொலர் கையிருப்புக் கரைந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனை இப்போது திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. நூறு ரூபாய்ச் சாமானுக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய்! கூலிக்காரனின் கூலி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது.

வரிசையில் நின்றபடியே முதியவர்கள் மயங்கி விழுந்து மாண்டார்கள். காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. ஆணையிட்டவர்களோ வரிசையில் நிற்கவில்லை. 2022 ஜூலை 13ஆம் தேதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ விமானமேறி மாலைதீவுக்குச் சென்றார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து இராஜினாமாக் கடிதம் அனுப்பினார். பொருளாதாரச் சீரழிவுக்குக் காரணமானவர்கள் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் அரபு நாட்டில் கொடிய பஞ்சம் வந்தபோது, கலீபா உமர் (ரலி) அவர்கள் மக்கள் நெய் உண்ணும் வரை தாமும் நெய்யைத் தொடுவதில்லை என்று உறுதி கொண்டார்கள். எண்ணெயை மட்டும் உண்டு அவர்களின் மேனி நிறமே கறுத்துவிட்டது என்று சரித்திரம் கூறுகிறது. ஆளுகிறவன் பசியை ஆளப்படுகிறவனோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பங்கு இல்லாத ஆட்சி எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும், எந்த மதத்தின் பெயரைச் சொன்னாலும், அது அமானிதத்தில் மோசடியே!

பசியோடு வந்த சகோதரர்கள்

பஞ்சத்தைப் பற்றித் திருக்குர்ஆனில் ஒரு முழுச் சரித்திரமே இருக்கிறது. சூரா யூசுபை ஓதுகிறோம்; அழகிய சரித்திரம் என்று சொல்லி மகிழ்கிறோம். அதன் பிற்பகுதி முழுவதும் தானியக் கணக்கு என்பதைச் சிந்தித்தோமா?

ஏழாண்டு விளைச்சல், பின்பு ஏழாண்டு வறட்சி என்று மன்னனின் கனவுக்கு விளக்கம் சொன்ன நபி யூசுப் (அலை) அவர்கள், உண்ணும் சிறிதளவு போக மற்றதைக் கதிரோடு சேமித்து வையுங்கள் என்று வழியும் சொன்னார்கள். களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி கேட்டபோது, தம் குலப் பெருமையைச் சொல்லவில்லை. பாதுகாக்கும் நேர்மை, காரியத்தை அறிந்த அறிவு என்ற இரண்டு தகுதிகளையே எடுத்துரைத்தார்கள். ஓட்டுப் போடும் ஒவ்வொருவரும் வேட்பாளரிடம் தேட வேண்டிய இரண்டு தகுதிகளும் இவைதாம். நேர்மையிருந்து அறிவில்லாவிட்டால் களஞ்சியம் பாழாகும். அறிவிருந்து நேர்மையில்லாவிட்டால் களஞ்சியம் களவு போகும்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். சிறுவனாக இருந்த யூசுபைக் கிணற்றில் தள்ளிய அதே சகோதரர்கள், பசியின் கொடுமையால் கோணிப்பையோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர் அவர்களை அறிந்துகொண்டார். அவர்கள் அவரை அறியவில்லை. நம்மில் ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்போம்? “அன்று என்னைக் கிணற்றில் போட்டீர்களே, இன்று பார்த்தீர்களா அல்லாஹ்வின் கணக்கை” என்றல்லவா சொல்லியிருப்போம்? மண்ணெண்ணெய் வரிசையில் நான் தலையாட்டியது அதற்குத்தானே?

யூசுப் (அலை) அவர்கள் அளவைக் குறைக்கவில்லை. நிறைத்துக் கொடுத்தார்கள். கொடுத்த விலைப் பொருளையும் அவர்களின் மூட்டைக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். இறுதியில் தம்மை வெளிப்படுத்திய நாளில், இன்று உங்கள் மீது எந்தப் பழியுமில்லை என்று கூறி, அவர்களுக்காகப் பிழைபொறுக்கத் தேடினார்கள்.

நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலும் இதே காட்சி உண்டு. மக்கத்துக் குறைஷிகள் ஹாஷிம் குலத்தாரை அபூதாலிபின் கணவாயில் அடைத்து, கொடுக்கல் வாங்கலையும் உணவையும் தடுத்தார்கள். குழந்தைகளின் பசிக்குரல் கணவாய்க்கு வெளியே கேட்டது. ஆண்டுகள் கழிந்தன. யமாமாவின் தலைவர் துமாமா (ரலி) இஸ்லாத்தை ஏற்று, அண்ணலார் அனுமதிக்கும் வரை மக்காவுக்கு ஒரு மணிக் கோதுமையும் போகாது என்று தடுத்துவிட்டார். மக்காவில் பசி தலைகாட்டியது. குறைஷிகள் உறவைச் சொல்லிக் கெஞ்சி அண்ணலாருக்கு எழுதினார்கள். பழி தீர்க்க வாளைக்கூட எடுக்க வேண்டியதில்லை. பேசாமல் இருந்தாலே போதுமானது. ஆனால் ரஹ்மத்துன் லில் ஆலமீன் அவர்கள் என்ன செய்தார்கள்? தானியத்தை விட்டுவிடும்படி துமாமாவுக்கு உத்தரவு அனுப்பினார்கள். பகைவனானாலும் பசி பசிதான்.

பின்னறையைத் திறப்போம்

சகோதரர்களே! இதுவரை கேட்டது இனிப்பாக இருந்திருக்கும். இனிச் சொல்லப்போவது சற்றுக் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் சாமான் இல்லை என்றார்கள். டொலர் இல்லாததால் கப்பல் வரவில்லை என்பது உண்மை. ஆனால் வந்த சாமானெல்லாம் கடைப் பலகைக்கு வந்ததா? பதுக்கலைத் தடுக்க வேண்டும் என்று கூறி 2021 ஆகஸ்ட் கடைசியில் அவசரகால விதிகளையே பிரகடனம் செய்தார்கள். சீனி மூட்டைகள் களஞ்சியங்களிலிருந்து கண்டெடுக்கப்பட்டன. பதுக்கியவர்களில் எல்லா இனத்தாரும் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். மற்றவர் கணக்கை மற்றவர் பார்க்கட்டும். நம் கணக்கை நாம் பார்ப்போம்.

ஊர் பேர் வேண்டாம். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண், நம்மவர் ஒருவரின் கடையில் வந்து பால்மா கேட்டாள். “இல்லை தங்கச்சி” என்றார் முதலாளி. அவள் படியிறங்கிப் போனாள். ஐந்து நிமிடம் கழித்து எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து, “ஹஸரத்துக்கு இல்லாமலா?” என்று சொல்லி, பின்னறைத் திரையை விலக்கி இரண்டு பெட்டியை எடுத்து வந்தார். திரைக்குப் பின்னால் அடுக்கியிருந்ததை நான் பார்த்தேன். கடைச் சுவரில் ஆயத்துல் குர்ஸி சட்டமிட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் விலை ஏறப்போகிறது என்பது அவருக்குத் தெரியும்.

நான் பெட்டியை வாங்கவில்லை. அதையே பெரிய தக்வா என்று அன்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்து, “இவருக்குக் கொடுங்கள்” என்று சொல்ல என் நாவு எழவில்லை. அந்த மௌனத்துக்கும் மஹ்ஷரில் கணக்குண்டு அல்லவா?

பதுக்குபவன் பாவி என்று ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீது கூறுகிறது. இங்கு ஒரு விளக்கம் தேவை. சேமிப்பது வேறு, பதுக்குவது வேறு. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததாக ஸஹீஹான ஹதீது உண்டு. ஆகவே வீட்டுத் தேவைக்கு அரிசியும் பருப்பும் வாங்கி வைத்தவரைப் பாவி என்று யாரும் கூறவேண்டாம். மக்கள் தவிக்கும் வேளையில், அவர்களுக்கு இன்றியமையாத பண்டத்தை விலையேற்றத்தை எதிர்பார்த்து மறைத்து வைப்பதே பதுக்கல். யூசுப் (அலை) அவர்களும் களஞ்சியம் வைத்தார்கள்; நம் முதலாளியும் களஞ்சியம் வைத்தார். அவர்கள் மக்களுக்காகச் சேர்த்தார்கள்; இவர் மக்களிடமிருந்து மறைத்தார். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இந்த வித்தியாசம் சுவர்க்கத்துக்கும் நரகத்துக்கும் உள்ள வித்தியாசமாகிவிடும்.

நம் ஜனாஸாவுக்கு மண்ணை மறுத்தவர்கள் அநியாயக்காரர்கள். ஐயமில்லை. ஒரு குழந்தைக்குப் பாலை மறுத்தவன் யார்? அவன் பெயர் முஸ்லிம் பெயராக இருப்பதால் அநியாயம் நியாயமாகிவிடுமா? அந்தப் பெண்ணும் அன்றிரவு கையேந்தியிருப்பாள். அநீதி இழைக்கப்பட்டவளின் குரலுக்குத் திரையில்லை என்றோமே, அது நமக்காக மட்டும் வந்த ஹதீதா?

வேலியில் கட்டிய வெள்ளைத் துணி

எல்லாவற்றையும் கருப்பாகவே பார்ப்பதும் நன்றி கொன்ற செயலாகும். அந்தப் பச்சிளங் குழந்தை எரிக்கப்பட்ட பின், பொரளை மயான வேலியில் கபன் துணியின் அடையாளமாக வெள்ளைத் துணித் துண்டுகளை மக்கள் கட்டினார்கள். கட்டியவர்கள் நாம் மட்டுமல்ல; பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் வந்து கட்டினார்கள். ஓட்டமாவடி மண்ணில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் அடங்கியிருக்கின்றன. அங்கே நம் சகோதரர்களுக்குப் பக்கத்திலேயே பிற மதத்தவரும் அடக்கப்பட்டிருக்கிறார்கள். மண் யாரையும் பிரிக்கவில்லை.

2022 ரமழானில் கொழும்புக் காலி முகத்திடலில் போராட்டம் நடந்தபோது, நோன்பு திறக்கும் நேரத்தில் நம் பிள்ளைகளைச் சுற்றிச் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் வந்தமர்ந்தார்கள். பள்ளிவாசல் சுவருக்குள் எத்தனையோ ஆண்டு பிரசங்கம் செய்தும் உண்டாக்க முடியாத நெருக்கத்தை, ஒரு பேரீச்சம்பழம் அன்று உண்டாக்கியது. ஏக இறைவனை ஏற்காத பலர் அன்று முதல் முறையாக பாங்கோசையை அமைதியாக அமர்ந்து கேட்டார்கள். இதைவிடச் சிறந்த தப்லீக் எது?

செய்ய வேண்டியவை

மன்னிப்பதென்றால் உரிமையை விட்டுக்கொடுப்பதென்று பொருளல்ல. 2024இல் வந்த மன்னிப்பு வார்த்தையோடு நிற்கக்கூடாது. ஜனாஸாவை இழந்த குடும்பங்களுக்கு நியாயம் கேட்பதும், இனி எந்தச் சமூகத்துக்கும் அப்படி ஒரு கொடுமை நேராதபடி சட்டத்தின் வழியே போராடுவதும் நம் கடமை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்யவேண்டாம் என்று சூரத்துல் மாயிதாவில் அல்லாஹ் எச்சரிப்பதை மட்டும் மறவாதீர்கள்.

வியாபாரிகளே! பின்னறைத் திரையை எடுத்துவிடுங்கள். முகம் பார்த்துச் சாமான் கொடுக்காதீர்கள். கடன் கொப்பியில், நெருக்கடிக் காலத்தில் வாங்கி இன்னும் தீர்க்க முடியாமல் தவிக்கும் ஏழைகளின் பெயர்கள் இருக்கும். வசதி வரும்வரை தவணை கொடுங்கள். தள்ளுபடி செய்தால் அது ஸதகா, இன்னும் மேலானது என்பது திருக்குர்ஆனின் போதனை.

தாய்மார்களே! உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காதில், “அவன்களுக்கு அல்லாஹ் கொடுத்தான்” என்ற பேச்சு விழவேண்டாம். நஞ்சு அங்கிருந்துதான் முளைக்கிறது. கறி சமைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனியுங்கள் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அண்டை வீட்டார் இன்ன மதத்தவராக இருக்கவேண்டும் என்று அவர்கள் நிபந்தனை விதிக்கவில்லை.

என்னைப் போன்ற ஆலிம்களே! மிம்பரில் ஏறி அரசனைச் சாடுவது எளிது. முன் ஸப்பில் உட்கார்ந்திருக்கும் முதலாளியின் களஞ்சியத்தைப் பற்றிப் பேசுவதே கடினம். அந்தக் கடினத்தை இனியாவது மேற்கொள்வோம்.

அன்று அந்தத் தாய்க்கு எண்ணெய் கிடைப்பதற்குள் தாங்கி வற்றிவிட்டது. என் கேனில் பாதி இருந்தது. அதிலிருந்து அவருடைய கேனில் ஊற்றினேன். பாதிப் பாணுக்குப் பாதி எண்ணெய். அதில் பெருமை கொள்ள எதுவுமில்லை. எனக்கு முன்னால் நின்ற சகோதரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் தம் கேனைத் திறந்து, அவரும் கொஞ்சம் ஊற்றினார்.

யா அல்லாஹ்! எங்கள் ஜனாஸாக்களின் கபர்களையும், கபரின்றிப் போனவர்களையும் உன் ரஹ்மத்தால் ஒளிபெறச் செய்வாயாக! எங்களுக்கு அநீதி செய்தவர்களை நீதியின்பால் திருப்புவாயாக! நாங்கள் பிறருக்குச் செய்யும் அநீதியிலிருந்து எங்களைக் காப்பாயாக! அளந்து கொடுக்கும்போது நிறைத்துக் கொடுக்கும் கைகளையும், பழி தீர்க்க வாய்ப்பிருந்தும் தீர்க்காத உள்ளங்களையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!